ராம்பார்ட் இல்லை என்று சொன்னால், முதலில் எங்கே தேடியது என்று பாருங்கள்

பழைய சோப் (எக்ஸ்எம்எல் செய்திகளாகப் பேசிக்கொள்ளும் வலைச் சேவை முறை) சேவை ஒன்றோடு பேசும் ஜாவா கிளையன்ட் ஒன்று சில காலமாக என் பொறுப்பில் இருக்கிறது. எதிர்ப்பக்கத்துச் சேவை கறாரானது. பயனர் பெயர் டோக்கன் வேண்டும், டைம்ஸ்டாம்ப் வேண்டும், செய்தியின் உடல் பகுதிக்கு டிஜிட்டல் கையொப்பம் வேண்டும், அதற்கு மேல் என்கிரிப்ஷனும் வேண்டும். இவற்றையெல்லாம் சுமந்து செல்லும் டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி தலைப்பு இல்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். "இன்னுமா சோப்?" என்று கேட்பவர்களுக்கு: ஆமாம், இன்னும்தான். நிறுவனங்களுக்கு இடையில் ஓடிக்கொண்டிருக்கும் இந்த மாதிரி சேவைகளை யாரும் ஆசைக்காக மாற்றி எழுதுவதில்லை.

கிளையன்ட், அப்பாச்சியின் சோப் நூலகமான ஆக்சிஸ்2 மேல் ஓடுகிறது. பாதுகாப்பு வேலைகளைச் செய்வது, அதோடு இணைக்கும் ராம்பார்ட் என்கிற மாட்யூல். ராம்பார்ட்டுக்குக் கீழே டபிள்யூஎஸ்-செக்யூரிட்டிக்கான நூலகமான டபிள்யூஎஸ்எஸ்4ஜே, அதற்கும் கீழே எக்ஸ்எம்எல் கையொப்பத்துக்கான நூலகம் என்று ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கு இருக்கிறது. இந்த அடுக்கில் புதிதாகக் கை வைக்கிற எல்லோருக்கும் முதலில் வருகிற பிழை ஒன்றுதான்: "அன்ஏபிள் டு என்கேஜ் மாட்யூல்: ராம்பார்ட்". இன்னும் பழைய பதிப்பாக இருந்தால் அதே விஷயத்தை நீட்டிச் சொல்லும், கிடைக்காத ஒரு மாட்யூலை சிஸ்டம் இணைக்கப் பார்க்கிறது என்று.

இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் செய்வதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். பாதுகாப்பு சம்பந்தப்பட்ட கிளையன்ட் என்பதால் கை நேராக, சாவிகளும் சான்றிதழ்களும் இருக்கும் கீஸ்டோருக்குப் போகிறது. சான்றிதழ் காலாவதி ஆகிவிட்டதா, கடவுச்சொல் சரியா, பாதுகாப்பு விதிகள் எழுதிய பாலிசி கோப்பில் அல்காரிதம் பொருந்துகிறதா என்று கிளறுகிறார்கள். ஆளே வந்து சேராதபோது அவருடைய அடையாள அட்டையில் எழுத்துப்பிழை தேடுவது மாதிரி அது. ராம்பார்ட் இணையவே இல்லை என்றால் யாரும் கீஸ்டோரைத் திறந்தே பார்க்கவில்லை என்று பொருள். பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது என்பது இன்னும் பேச்சுக்கே வரவில்லை. பிழை அதற்கெல்லாம் முன்னாலேயே நடந்துவிட்டது.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த பெண் ஒருத்தி இதே பிழையோடு வந்து நின்றாள். "அக்கா, மார் ஃபைல் அங்கேதானே இருக்கு? நானே கண்ணால பார்த்தேன். அப்புறம் ஏன் இல்லைங்குது?"

"நீ சொல்ற அங்கே எது? அது தேடுற அங்கே எது?" என்றேன்.

விஷயம் முழுக்க இதில்தான் இருக்கிறது. ஆக்சிஸ்2 மாட்யூல்களை ரெப்பாசிட்டரி என்கிற ஒரு ஃபோல்டரில் தேடுகிறது. அதன் கீழே மாட்யூல்ஸ் என்று ஒரு உள் ஃபோல்டர். மார் கோப்புகள் அதில் இருக்க வேண்டும். மார் கோப்பு என்பது, ஜாவா வகுப்புகளைக் கட்டி வைக்கும் ஜார் மாதிரியே ஒரு ஜிப்தான். உள்ளே மெட்டா-இன்ஃப் ஃபோல்டரில் மாட்யூல்.எக்ஸ்எம்எல் என்று ஒரு விவரக் கோப்பு இருக்கும். செய்தியைக் கையாளும் எந்த ஹேண்ட்லர் எந்தக் கட்டத்தில் ஓட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும்.

சரி, ரெப்பாசிட்டரி எங்கே இருக்கிறது என்று ஆக்சிஸ்2க்கு யார் சொல்கிறார்கள்? நாம்தான் சொல்ல வேண்டும், ஆனால் நிறைய பேர் சொல்வதே இல்லை. சேவையின் விவரக் கோப்பிலிருந்து டபிள்யூஎஸ்டிஎல்-டு-ஜாவா கருவி உருவாக்கித் தரும், சேவையை அழைப்பதற்கான ஸ்டப் வகுப்பில் பல கன்ஸ்ட்ரக்டர்கள் இருக்கும். ஒன்றுமே கொடுக்காமல் அழைக்கலாம், முகவரி மட்டும் கொடுத்து அழைக்கலாம், ஆக்சிஸ்2யின் அமைப்புகளை வைத்திருக்கும் கான்ஃபிகரேஷன் கான்டெக்ஸ்ட்டையும் முகவரியையும் சேர்த்துக் கொடுத்தும் அழைக்கலாம். முதல் இரண்டில் ஏதாவது ஒன்றை அழைத்தால் ஆக்சிஸ்2 தானாகவே ஒரு இயல்புநிலை கான்டெக்ஸ்ட்டை உருவாக்கிக்கொள்கிறது. அதற்கு உங்கள் ரெப்பாசிட்டரி பற்றி ஒன்றும் தெரியாது. நீங்கள் மார் கோப்பை எவ்வளவு அழகாக அடுக்கி வைத்திருந்தாலும் அது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்தப் பெண்ணின் நிரலில் இருந்தது இதுவேதான். கான்ஃபிகரேஷன்கான்டெக்ஸ்ட்ஃபேக்டரி வகுப்பில் கோப்பு அமைப்பிலிருந்து கான்டெக்ஸ்ட் உருவாக்கும் மெத்தட் ஒன்று இருக்கிறது. அதற்கு ரெப்பாசிட்டரியின் பாதையைக் கொடுத்து, வரும் கான்டெக்ஸ்ட்டை ஸ்டப்பின் முதல் ஆர்குமென்ட்டாகக் கொடுத்தால் இந்த வகைப் பிழை பாதிக்கு மேல் அடங்கிவிடும்.

கொடுக்கும் பாதையையும் முழுப் பாதையாகவே கொடுங்கள். சார்புப் பாதை, நிரலை எந்த ஃபோல்டரிலிருந்து ஓட்டுகிறோமோ அதைப் பொறுத்து மாறும். ஐடிஇயில் ஓட்டும்போது ப்ராஜெக்ட் ஃபோல்டர், சர்வரில் சர்வீஸாக ஓடும்போது வேறு ஏதோ ஃபோல்டர். "என் மெஷினில் ஓடுகிறதே" என்கிற புகழ்பெற்ற வாக்கியம் இந்த விஷயத்தில் பெரும்பாலும் இங்கிருந்துதான் பிறக்கிறது. இன்னொன்று: பாதை கொடுக்காமல் 'நல்' என்ற வெற்று மதிப்பைக் கொடுத்துவிட்டால் ஆக்சிஸ்2.ரெப்போ, ஆக்சிஸ்2.எக்ஸ்எம்எல் என்கிற சிஸ்டம் ப்ராப்பர்ட்டிகளை அது பார்க்கும். யாரோ எப்போதோ எழுதி வைத்த ஸ்டார்ட்அப் ஸ்க்ரிப்டில் அவை இருந்தால், ஒரு சர்வரில் ஓடும், இன்னொன்றில் ஓடாது. காரணம் நிரலில் எங்கு தேடினாலும் கிடைக்காது.

இவ்வளவையும் ஊகித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது. ஆக்சிஸ்2யிடமே கேட்டுவிடலாம். கான்டெக்ஸ்ட் உருவான அடுத்த வரியில் அதிலிருந்து ஆக்சிஸ் கான்ஃபிகரேஷனை எடுத்து, கெட்மாட்யூல்ஸ் மெத்தட் தருவதை அச்சிடுங்கள். கூடவே கெட்ஃபால்ட்டிமாட்யூல்ஸ் தருவதையும் அச்சிடுங்கள். முதலாவது, ஒழுங்காக ஏறிய மாட்யூல்களின் பட்டியல். இரண்டாவது, கோப்பு கண்ணில் பட்டது, ஆனால் ஏற்ற முடியாமல் போனவற்றின் பட்டியல். இந்த இரண்டாவதைப் பற்றி ஏனோ யாரும் பேசுவதில்லை. எனக்கு முதலாவதைவிட அதுதான் அதிகம் கைகொடுத்திருக்கிறது.

ஏன் என்றால், ஒரு மாட்யூல் ஏறாமல் போனால் ஆக்சிஸ்2 உடனே நிற்காது. லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, அதைக் கெட்டுப்போனவற்றின் பட்டியலில் போட்டுவிட்டு, தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பிறகு நீங்கள் மாட்யூலை இணைக்கும் என்கேஜ்மாட்யூல் மெத்தட்டை அழைக்கும்போதுதான் "இல்லை" என்று கைவிரிக்கும். உண்மையான காரணம் அதற்கு வெகு முன்னாலேயே லாகில் வந்து போயிருக்கும். கிளையன்ட் பக்கம் லாக் அமைப்பையே சிலர் வைத்திருக்க மாட்டார்கள். அப்படியானால் அந்த வரி யார் கண்ணுக்கும் படாது. லாக் இருந்தால் "டிப்ளாயிங் மாட்யூல்" என்று தொடங்கும் தகவல் வரியைத் தேடுங்கள். மாட்யூலின் பெயர், பதிப்பு, எந்தக் கோப்பிலிருந்து எடுத்தது என்பது வரை அதில் இருக்கும். ராம்பார்ட்டுக்கு அந்த வரி இல்லையென்றால், தேடல் அந்தக் கோப்பு வரை போகவில்லை, அல்லது போயும் அதை ஏற்ற முடியவில்லை. வரி இருந்தும் கீழே பிழை தொடர்ந்தால் கதை வேறு. சர்வீசஸ் ஃபோல்டர் இல்லை என்று ஒரு தகவல் வரியும் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கிளையன்ட்டுக்கு அந்த ஃபோல்டர் தேவையே இல்லை.

மாட்யூல் இரண்டு பட்டியலிலும் இல்லையென்றால் பாதையைப் பாருங்கள், மேலே சொன்னதெல்லாம் அதற்குத்தான். கெட்டுப்போன பட்டியலில் இருந்தால் பாதை சரி, ஜார்கள்தான் சரியில்லை.

இந்த ஜார் விவகாரம் கொஞ்சம் நீளமானது. மார் கோப்பை மாட்யூல்ஸ் ஃபோல்டரில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்புதான். ஆனால் ராம்பார்ட்டோடு ராம்பார்ட்-கோர், ராம்பார்ட்-பாலிசி, ராம்பார்ட்-ட்ரஸ்ட் என்று சில ஜார்கள் சேர்ந்து வருகின்றன. அவையும், அவற்றுக்குத் தேவையான டபிள்யூஎஸ்எஸ்4ஜே, எக்ஸ்எம்எல்செக், ஓபன்சாம்ல் போன்றவையும், ஜாவா வகுப்புகளைத் தேடும் இடமான கிளாஸ்பாத்தில் இருக்க வேண்டும். ராம்பார்ட்டைத் தரவிறக்கினால் வரும் தொகுப்பிலேயே ஜார்கள் தனியாக, மார்கள் தனியாக இருக்கும். இரண்டையும் இரண்டு இடத்தில் வைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படி. ஒன்று குறைந்தாலும், வகுப்பு கிடைக்கவில்லை என்கிற நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்.

எல்லா ஜாரும் இருக்கிறது, ஆனால் பதிப்புகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்றால் அது இன்னும் மோசம். அப்போது வருவது, மெத்தட் கிடைக்கவில்லை என்கிற நோசச்மெத்தட்எரர். ஆக்சிஸ்2வும் ராம்பார்ட்டும் தனித்தனிப் பதிப்புகளாக வந்தாலும் ஜோடியாகத்தான் வாழ்கின்றன. 1.4க்கு 1.4, 1.6 வரிசைக்கு 1.6 வரிசை, 1.7க்கு 1.7. புதிய ஆக்சிஸ்2வில் பழைய ராம்பார்ட்டைச் செருகிப் பார்ப்பது நேர விரயம். டபிள்யூஎஸ்எஸ்4ஜே பக்கம் மாற்றங்கள் இன்னும் பெரியவை. 1.5 வரிசை ஓபன்சாம்ல் 1 மேல் நின்றது. 1.6 வரிசை ஓபன்சாம்ல் 2க்கு மாறியது. 2.0 வந்தபோது பேக்கேஜ் பெயரே மாறிவிட்டது; முன்பு ஓஆர்ஜி.அப்பாச்சி.டபிள்யூஎஸ்.செக்யூரிட்டி என்று இருந்தது ஓஆர்ஜி.அப்பாச்சி.டபிள்யூஎஸ்எஸ்4ஜே ஆனது. கடவுச்சொல் தரும் கால்பேக் வகுப்பை நீங்கள் எழுதியிருப்பீர்கள் அல்லவா, அதன் இம்போர்ட் வரிகளே பழைய பெயரில் நிற்கும். ஆகவே "எப்படியும் புதியதுதானே நல்லது" என்று டபிள்யூஎஸ்எஸ்4ஜேவை மட்டும் தனியாக உயர்த்தினால், அதை நம்பி நிற்கும் ராம்பார்ட் விழும்.

கிளாஸ்பாத்தில் ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் இருக்கின்றனவா என்று பார்க்க ஜார்களைச் சேர்த்து நிரலைக் கட்டும் கருவியான மேவனின் டிபென்டென்சி ட்ரீ போதும். அதிலும் தெளிவு கிடைக்கவில்லை என்றால் ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம்மிடமே கேட்பேன். ஜாவா 8 வரை வெர்போஸ்:கிளாஸ் என்ற தெரிவு, 9 முதல் எக்ஸ்லாக்:கிளாஸ்+லோட். எந்த வகுப்பு எந்த ஜாரிலிருந்து ஏறியது என்று வரி வரியாகக் கொட்டும். ஆயிரக்கணக்கில் வரிகள் வரும், அதில் ராம்பார்ட், டபிள்யூஎஸ்எஸ்4ஜே, ஆக்சியம் (ஆக்சிஸ்2 பயன்படுத்தும் எக்ஸ்எம்எல் நூலகம்) ஆகிய பெயர்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய ஜாரை விட்டுவிட்டு, அப்ளிகேஷன் சர்வர் தன் சொந்த லிப் ஃபோல்டரிலிருந்து பழைய ஆக்சியத்தை ஏற்றிக்கொண்டிருப்பது அங்கேதான் அம்பலமாகும். வகுப்புகளை ஏற்றும் கிளாஸ் லோடர், தனக்கு மேலே உள்ள பெற்றோர் லோடரை முதலில் கேட்கும் அமைப்பாக இருந்தால் இது சகஜம். அந்த அமைப்பை மாற்ற சர்வரில் வழி இருக்கும், அல்லது சர்வரின் ஜாரோடு ஒத்துப்போக வேண்டியிருக்கும். எனக்குப் பிடித்தது முதலாவது.

மேவன் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னொரு பொறி. ப்ராஜெக்ட்டின் விவரங்களை எழுதும் பிஓஎம் கோப்பில் ராம்பார்ட்டை டைப் மார் என்று போட்டுச் சார்பாகச் சேர்க்கிறோம். மேவன் அதைத் தரவிறக்கியும் விடுகிறது. ஆனால் மார் என்பது மேவனுக்கு இயல்பாகத் தெரிந்த வகை அல்ல, அதனால் அதைக் கிளாஸ்பாத்தில் சேர்க்காது. தரவிறங்கிய கோப்பு உள்ளூர் களஞ்சியத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும். டிபென்டென்சி ப்ளக்இன்னின் காப்பி என்கிற பணியை வைத்து அதை ரெப்பாசிட்டரியின் மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். கோப்பின் பெயரை மாற்றாதீர்கள். பெயரோடு ஒட்டியிருக்கும் பதிப்பு எண்ணிலிருந்தும் ஆக்சிஸ்2 மாட்யூலை அடையாளம் கண்டுகொள்கிறது. அழகுக்காகப் பெயர் மாற்றி எந்த லாபமும் இல்லை.

எல்லாவற்றையும் ஒரே பெரிய ஜாராகக் கட்டி அனுப்புகிற வழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. செய்தியின் முகவரித் தலைப்புகளைக் கவனிக்கும் அட்ரெஸிங் மாட்யூலுக்கும் மெட்டா-இன்ஃபில் மாட்யூல்.எக்ஸ்எம்எல் உண்டு, ராம்பார்ட்டுக்கும் அதே இடத்தில் அதே பெயரில் உண்டு. இரண்டையும் பிரித்து ஒரே ஜாருக்குள் கொட்டினால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். எது பிழைக்கும் என்பது கட்டும் வரிசையைப் பொறுத்தது. இன்று அட்ரெஸிங் இருக்கும் ராம்பார்ட் இருக்காது, நாளை நேர்மாறாக. நான் இந்தக் கிளையன்ட்டுக்குப் பெரிய ஜார் கட்டுவதில்லை. ஜார்கள் ஒரு ஃபோல்டரில், ரெப்பாசிட்டரி ஒரு ஃபோல்டரில், இரண்டையும் சேர்த்து ஒரு ஜிப். பழைய பாணிதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

சில நேரம் ராம்பார்ட் நல்ல பட்டியலிலேயே இருக்கும், ஆனாலும் இணைக்கும்போது வெடிக்கும். செக்யூரிட்டி என்கிற ஃபேஸ் (கட்டம்) கிடைக்கவில்லை, அதனால் ஹேண்ட்லரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்று செய்தி வரும். இது ஆக்சிஸ்2.எக்ஸ்எம்எல் கோப்பின் பிரச்சினை. அந்தக் கோப்பில் உள்ளே வரும் செய்திக்கும் வெளியே போகும் செய்திக்கும் ஃபேஸ்களின் வரிசை எழுதியிருக்கும். ஃபால்ட் எனப்படும் பிழைச் செய்திகளுக்கும் தனித்தனியாக இரண்டு உண்டு. ராம்பார்ட்டின் ஹேண்ட்லர்கள் செக்யூரிட்டி என்ற பெயருள்ள ஃபேஸில் போய் உட்காரப் பார்க்கும். யாரோ "தேவையில்லாததை எடுத்துவிட்டேன்" என்று கோப்பைச் சுருக்கியிருந்தால் அந்த ஃபேஸும் அதோடு போயிருக்கும். நானாக இருந்தால், பதிப்போடு வரும் மூலக் கோப்பை எடுத்து, அதில் நமக்கு வேண்டிய மாற்றங்களை மட்டும் திரும்பச் செய்வேன். இதே கோப்பில் அட்ரெஸிங் மாட்யூலை இணைக்கச் சொல்லும் வரி பெரும்பாலும் இருக்கும். ஆகவே ரெப்பாசிட்டரியில் ராம்பார்ட்டை மட்டும் போட்டுவிட்டு அட்ரெஸிங்கை மறந்தால் அதே பிழை, வேறு பெயரோடு வரும். நிதானமாகக் கடைசிச் சொல்லைப் படித்தால் தெரிந்துவிடும், அவசரத்தில் படித்தால் ராம்பார்ட் என்றே கண்ணில் படும்.

பிழையே வராமல் மாட்யூல் இல்லாமல் போகிற வகையும் உண்டு. என்கேஜ்மாட்யூல் வரியையே யாராவது நீக்கியிருப்பார்கள், அல்லது வேறொரு ஸ்டப்பில் இணைத்திருப்பார்கள். கோரிக்கை பாதுகாப்புத் தலைப்பு இல்லாமல் போகும். எதிர்ப்பக்கமும் ராம்பார்ட்டாக இருந்தால் கோரிக்கையில் டபிள்யூஎஸ்எஸ்இ:செக்யூரிட்டி தலைப்பு இல்லை என்று பதில் வரும். இன்னொரு வடிவம், பதிலில் பாதுகாப்புத் தலைப்பு இருக்கிறது, அதை வாங்கிப் புரிந்துகொள்ள கிளையன்ட்டில் ஆளில்லை. அப்போது "மஸ்ட் அண்டர்ஸ்டாண்ட் செக் ஃபெயில்ட்" என்று, தர நிர்ணய அமைப்பான ஓயாசிஸின் நீளமான நேம்ஸ்பேஸ் முகவரியோடு ஒரு பிழை வரும். அந்த முகவரியைப் பார்த்துவிட்டு எக்ஸ்எம்எல் ஸ்கீமா பிரச்சினை என்று போய்விடாதீர்கள். உள்ளே வரும் வழியில் ராம்பார்ட் இணையவில்லை என்பதுதான் அதன் பொருள்.

ஜாவா பதிப்பை உயர்த்தும்போது வரும் பிழைகளை இதோடு கலந்துவிட வேண்டாம். ஜாவா 11ல் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் (வலைச் சேவைக்கானது), ஜாக்ஸ்பி (எக்ஸ்எம்எல்லுக்கானது) ஆகிய மாட்யூல்கள் ஜேடிகேவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டன. 9, 10 பதிப்புகளில் ஆட்-மாட்யூல்ஸ் தெரிவைக் கொடுத்து அவற்றை எழுப்ப முடிந்தது, 11ல் எழுப்ப ஒன்றும் மிச்சமில்லை. தனி ஜார்களாகத்தான் சேர்க்க வேண்டும். அந்த மாட்யூல் வேறு, ஆக்சிஸ்2 தேடும் மாட்யூல் வேறு. இணையத்தில் தேடினால் இரண்டுக்குமான பதில்கள் கலந்து வரும், பார்த்து எடுங்கள்.

மேலே சொன்ன அச்சிடும் வரிகளை வேலை முடிந்ததும் நான் நீக்கவில்லை. நிரல் தொடங்கும்போதே ராம்பார்ட்டும் அட்ரெஸிங்கும் நல்ல பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. இல்லையென்றால் கெட்டுப்போன பட்டியலையும் ரெப்பாசிட்டரியின் முழுப் பாதையையும் லாகில் எழுதிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. கான்டெக்ஸ்ட்டையும் ஒருமுறைதான் உருவாக்குகிறேன். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாக உருவாக்கினால் ஒவ்வொரு முறையும் மாட்யூல்களைத் தேடி ஏற்றும் வேலை நடக்கும், தற்காலிக ஃபோல்டரில் ஆக்சிஸ்2-டிஎம்பி என்று தொடங்கும் பெயர்கள் குவியும்.

அந்தப் பெண்ணுக்கு ராம்பார்ட் இணைந்துவிட்டது. அடுத்து அவள் கொண்டுவந்தது "இல்லீகல் கீ சைஸ்". அவள் மெஷினில் ஜாவா 8ன் பழைய அப்டேட் இருந்தது. 8யு161க்கு (ஜாவா 8ன் அப்டேட் 161) முன்னால் ஏஇஎஸ் என்கிரிப்ஷனுக்கு இயல்பாக 128 பிட் சாவிதான் அனுமதி, பாலிசியோ 256 பிட் சாவி வேண்டும் என்கிற பேசிக்256 கேட்கிறது. அப்டேட் செய்யச் சொன்னேன். அதற்கு அடுத்தது டைம்ஸ்டாம்ப் காலாவதி. ராம்பார்ட்டின் இயல்புநிலை ஆயுள் 300 வினாடிகள், அவள் மெஷினின் கடிகாரமோ அதற்கும் மேல் பிந்தி ஓடிக்கொண்டிருந்தது. இவையெல்லாம் உண்மையான பாதுகாப்புப் பிழைகள், கீஸ்டோரையும் பாலிசியையும் திறந்து பார்க்க வேண்டியவை. அவற்றைத் தனியாக எழுதுகிறேன்.